ரோவினா பிராஸருக்கு அலை தெரியவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் படிப்பில் நான் தேறியவன், ரோவினா பிராஸர் தேறாதவள். இதிலிருந்தே அந்தப் படிப்பின் லட்சணம் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

பதினேழு வருடம் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்து அறையில் வேலை பார்த்தோம். லெட்பரி கடைத்தெருவில், செருப்புக் கடைக்கு மேலே மாடி. நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். நான் ஒருவருக்கு முதுகை நெட்டி எடுத்தால் அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்கும். அவளிடம் வந்தவர் முனகினால் எனக்குக் கேட்கும். இரண்டு பேருமே ஆஸ்டியோபதிக்காரர்கள். ஊசி மாத்திரை இல்லாமல், கையை மட்டும் வைத்து முதுகு, கழுத்து, மூட்டு எல்லாவற்றையும் சரிசெய்கிறவர்கள். அந்த வேலையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. சிமெண்டு மூட்டை தூக்கி முதுகு பிடித்துக்கொண்டவன் வளைந்து வருவான், நிமிர்ந்து போவான். என் எரிச்சலெல்லாம் அதற்கு மேலே படிக்கப் போகிற படிப்பின் மேல்தான்.

மேல்படிப்பு முழுக்கத் தலையைப் பற்றியது. வளர்ந்த மனிதனின் மண்டையோடு கெட்டியானது என்று உடற்கூறு வகுப்பில் நான்கு வருடம் படித்திருப்போம். இந்தப் படிப்புக்குப் போனால் முதல் நாளே அதை மறக்கச் சொல்வார்கள். மண்டை எலும்புகள் மூச்சு விடுகின்றன என்பார்கள். மூளையைச் சுற்றி இருக்கும் நீரில் ஓர் அலை ஏறி இறங்குகிறதாம். தலைக்கு அடியில் இரண்டு கையையும் ஏந்தினாற்போல வைத்துக் கண்ணை மூடிக்கொண்டால் அது தெரியுமாம். தெரிந்துவிட்டால் ஒற்றைத் தலைவலி முதல் கைக்குழந்தையின் அழுகைவரை எல்லாவற்றையும் தீர்த்துவிடலாமாம்.

எங்கள் மாடிக்குச் சொந்தக்காரர் கிரிஸ்பின் ஹாலட். அவரும் ஆஸ்டியோபதிதான், ஆனால் நோயாளியைத் தொட்டுப் பல வருடம் ஆகிறது. ஊரில் இளம் தாய்மார்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ‘தலை பார்க்கிறவர்’ இருக்கிறாரா என்று கேட்டு வர ஆரம்பித்ததும் அவருக்கு ஞானம் பிறந்தது. ஓர் இலையுதிர் காலத் திங்கட்கிழமை எங்கள் இருவரையும் உட்கார வைத்து, மூன்று வருடத்துக்குள் தலைப் படிப்பின் சான்றிதழை வாங்கிக்கொண்டு வரவேண்டும், வாங்காதவருடைய அறை வேறு ஒருவருக்குப் போகும் என்று சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவருக்கு எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டுதான் சொல்லத் தெரியும்.

ரோவினா தன் அறையின் மேல் உயிரையே வைத்திருந்தாள். அதன் ஜன்னலிலிருந்து பார்த்தால் மரத்தூண்களின் மேல் நிற்கும் சந்தை மண்டபமும், செவ்வாய்க்கிழமைகளில் அதற்குக் கீழே முட்டை விற்கிற பெண்களும் தெரிவார்கள். கணவன் விட்டுப் போன வருடம் அந்த அறையைப் பிடித்தாள். வீட்டில் காது கேட்காத ஒரு நாய் மட்டும்தான். அந்த ஊரில் தனக்கென்று இருக்கிற இடம் அந்த நான்கு சுவர்தான் என்று என்னிடமே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். ஆகவே அவள் அந்தப் படிப்புக்குப் போனது ஞானம் தேடி அல்ல. அறையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்.

அவளுடைய கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிராம்யார்டு பக்கத்துப் பண்ணையில் செம்மறி ஆடுகளோடு வளர்ந்தவள். பெரிய, சிவந்த கைகள், குட்டையான நகம். குட்டி போட முடியாமல் ஆடு தவிக்கும்போது, பன்னிரண்டு வயதுப் பெண் உள்ளே கைவிட்டு, இருட்டில் சிக்கிக் கிடக்கிற எட்டுக் கால்களில் எது எந்தக் குட்டியுடையது என்று பிரித்துச் சொல்லுவாளாம். அவள் அப்பா அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்வார். எங்கள் தொழிலிலும் அப்படித்தான். நான் பத்து நிமிடம் தடவித் தேடும் முடிச்சை அவள் கட்டைவிரல் நேராகப் போய்த் தொடும். இருப்பது அவள் கைக்குத் தெரிந்துவிடும். அவள் கஷ்டமே அங்கேதான் தொடங்கியது.

பள்ளி, செவர்ன் ஆற்றுப் பக்கம் ஒரு பழைய மாளிகையில் நடந்தது. வருடத்துக்கு இரண்டு முறை, ஐந்து ஐந்து நாள். அங்கேயே தங்கி அங்கேயே சாப்பாடு. தலைமை ஆசிரியர் லியோனெல் ஃபென்விக். ஒல்லியான மனிதர், கையில்லாத கம்பளிச் சட்டை, வீட்டுக்குள் செருப்பு போடமாட்டார், கம்பளிக் காலுறையோடு சத்தமில்லாமல் வந்து பின்னால் நிற்பார். பேச்சும் அதே மாதிரி, கேட்டும் கேட்காமலும். நாற்பது ஆஸ்டியோபதிக்காரர்கள் அந்த மெல்லிய குரலைக் கேட்பதற்காகக் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், இத்தனை கழுத்து வலிக்கு எங்களுக்கு யார் வைத்தியம் பார்ப்பது என்று தோன்றும்.

அங்கே ஒரு வழக்கம். ஒருவரைப் படுக்கவைத்து அவர் தலையை இருபது நிமிடம் ஏந்த வேண்டும். பேசக்கூடாது, கண் திறக்கக்கூடாது, ஆசிரியர் சொல்லாமல் கையை எடுக்கக்கூடாது. பிறகு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து என்ன உணர்ந்தோம் என்று சொல்ல வேண்டும். முதலில் ஃபென்விக் சொல்வார். அதற்குப் பிறகு மற்றவர்கள் சொல்வது எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் நாள் எனக்கு வலது கைக்கு அடியில் ஒரு தலையின் சூடு தெரிந்தது, இடது கை மரத்துப் போனது தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. வட்டத்தில் என் முறை வந்ததும், அலை ஏறி இறங்குகிறது, நிமிடத்துக்கு ஆறு இருக்கும் என்று வாய் கூசாமல் சொன்னேன். அதே தலையைப் பிடித்த பிரிஸ்டல்காரி பன்னிரண்டு என்றாள். நான் மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். ஃபென்விக் இரண்டு பேரையும் பார்த்துத் தலையசைத்து, ஒரே கடலில் பல அலைகள் உண்டு, இருவர் சொன்னதும் சரி என்றார். அந்த நிமிடமே எனக்குப் படிப்பு முடிந்துவிட்டது. மீதி இருந்ததெல்லாம் சாப்பாடுதான்.

அடுத்து ரோவினாவின் முறை. எல்லோரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள்.

“எனக்கு ஒன்னும் தெரியலைங்க.”

அறையில் ஒரு பெருமூச்சு கிளம்பியது. ஃபென்விக் கருணையோடு சிரித்து, உன் கைகள் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கின்றன, அவற்றை அவசரப்படுத்தாதே என்றார். மறுநாளும் ஒன்றும் தெரியவில்லை என்றாள். மூன்றாம் நாள் ஃபென்விக்கே அவள் கையின் மேல் தன் கையை வைத்து, இதோ, இப்போது ஏறுகிறது பார் என்றார். அவள் கவனமாக இருந்து பார்த்துவிட்டு, அது உங்கள் கை ஏறுவது என்று நினைக்கிறேன் என்றாள். அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. அவளுக்குக் குத்திப் பேசத் தெரியாது. ஆனால் அன்று சாயங்காலம் அவள் மேசையில் யாரும் வந்து உட்காரவில்லை.

நான் இரண்டே வருடத்தில் எல்லாப் படியும் ஏறிச் சான்றிதழோடு வந்துவிட்டேன். முகத்து எலும்புகளுக்கு ஒரு படி, குழந்தைகளுக்கு ஒரு படி, கடைசியில் தேர்வு. ஒவ்வொரு படியிலும் பொய் கொஞ்சம் பெரிதாக வேண்டும், அவ்வளவுதான். ரோவினா முதல் படியிலேயே நின்றாள். மூன்று முறை போனாள், மூன்று முறையும் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்தாள். இவ்வளவு அடக்கமான பெண்ணுக்கு இவ்வளவு பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குக் கோபம்கூட வந்தது. நான் சொன்ன பொய்யை அவள் சொல்ல மறுத்தது என்னைக் குத்தியது என்பதுதான் உண்மை.

கிரிஸ்பின் கொடுத்த கெடு முடிய ஆறு மாதம் இருந்தபோது, மாடி அடுப்படியில் நாற்காலி போட்டு என் தலையை அவள் கையில் கொடுத்துப் பாடம் நடத்தினேன். ‘மெதுவாக விரிகிறது, இடது பக்கம் கொஞ்சம் தயங்குகிறது’ என்று சொல்லச் சொன்னேன். இடது பக்கம் தயங்குகிறது என்று சொன்னால் யாராலும் மறுக்க முடியாது, எல்லோருக்கும் ஏதாவது ஒரு பக்கம் தயங்கும். அவள் ‘மெதுவா விரியுது’ வரைக்கும் வந்தாள். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. என் தலையைப் பிடித்துக்கொண்டே கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“நோரிஸ், உன் தலைல பொடுகு இருக்கு. அது நல்லாத் தெரியுது. அதச் சொல்லவா?”

“அறை போயிடும் ரோவினா. சிரிக்காத.”

சிரிப்பு நின்றது. தேநீர்க் கெட்டிலை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். சரி, அடுத்த முறை சொல்லிவிடுகிறேன் என்று முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள்.

சொல்லவும் செய்தாள். நான்காவது முறை போனபோது வட்டத்தில் ‘மெதுவாக விரிகிறது’ என்று முணுமுணுத்தாளாம். ஃபென்விக்குக்கு அது போதுமானதாக இருந்தது. இத்தனை முறை வந்தவளை இனியும் நிறுத்திவைத்தால் பள்ளிக்கு அழகில்லை என்றும் நினைத்திருப்பார். நடுப்படிகளை ஒரே கோடையில் ஓட்டி முடிக்க வைத்து, பிப்ரவரியில் தேர்வுக்கு வரச் சொல்லிவிட்டார்கள். இலையுதிர் காலத்தில் முடிய வேண்டிய கெடுவைக் கிரிஸ்பின் சிரித்துக்கொண்டே அதுவரை நீட்டினார்.

தேர்வில் இன்னொரு கூத்து உண்டு. தேர்வு எழுதுகிறவர் தலையைப் பிடிப்பார், ஃபென்விக் படுத்திருப்பவரின் இடுப்புக்கு அடியில் கையை வைத்து அதே அலையைக் கேட்பார். கால்மாட்டில், ஏற்கெனவே தேறிய ஒருவர் உட்கார்ந்து ‘அமைதியைத் தாங்க’ வேண்டும். தாங்குவது என்றால் ஒன்றும் செய்யாமல் உட்காருவது. ரோவினாவுக்கு அமைதி தாங்கப் போனவன் நான்தான். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மிக உயர்ந்த பதவி அது.

படுக்கிற தலைகளை ஊரிலிருந்தே பிடிப்பார்கள். அன்று வந்திருந்தவர் கென்னத் அப்ஜான். எழுபத்தாறு வயது, பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். பல வருடமாக அந்த மாளிகைக்கு வந்து படுத்துக்கொள்கிறார். தலையைக் கொடுத்தால் மதியச் சாப்பாடு உண்டு. அந்தச் சாப்பாட்டுக்காகவும் நாலு பேரைப் பார்ப்பதற்காகவும்தான் வருகிறேன் என்று அவரே சொல்லுவார். ஃபென்விக்கின் மேல் அவருக்கு அபார மரியாதை. எனக்குத் தெரிந்து அந்த வீட்டில் பாசாங்கு இல்லாத ஒரே மனிதர் அவர்தான்.

மதியம் அவரும் நாங்களும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். வாட்டிய மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, அப்புறம் இனிப்புக்கு ஆப்பிள் கிரம்பிளும் கஸ்டர்டும். கென்னத் இறைச்சியை இரண்டு வாய் மென்றுவிட்டுத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினார். கஸ்டர்டை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். நான் அதைப் பொருட்படுத்தவில்லை, தேர்வில் என்ன சொல்ல வேண்டும் என்று ரோவினாவுக்குக் காதில் ஓதிக்கொண்டிருந்தேன். அவள் அவருடைய தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு மணிக்கு ஆரம்பித்தது. திரையை இழுத்துவிட்டார்கள். கென்னத் படுத்தார். ரோவினா தலைமாட்டில், ஃபென்விக் இடுப்புப் பக்கம், நான் காலடியில் அமைதியோடு. அவள் கையைத் தலைக்கு அடியில் விட்டு, விரல்களை இரண்டு நெற்றிப்பொட்டின் மேலும் படியவிட்டாள். கென்னத் லேசாகத் துடித்தார். அவள் விரல்கள் இடது பொட்டில் நின்றன. அங்கேயே நின்றன. அவள் முகத்தை எனக்குத் தெரியும். முடிச்சைத் தொட்டுவிட்ட முகம்.

என்ன உணர்கிறாய் என்று ஃபென்விக் கேட்டார். ‘மெதுவாக விரிகிறது’ என்று சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். அவள் தன்னையறியாமல் சொன்னாள்.

“இங்க ஒன்னும் இல்ல. நின்னு போச்சு.”

செத்தோம் என்று நினைத்தேன். ஆனால் ஃபென்விக்கின் மூடிய கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அந்தப் படிப்பில் அலையைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு என்பதை நான் மறந்திருந்தேன். அலை தானாக நிற்கிற கணம். அமைதிப் புள்ளி என்பார்கள். உடம்பு தன்னைத்தானே குணப்படுத்துகிற நேரமாம் அது. தேர்ந்தவர்களுக்கே எப்போதாவதுதான் கிடைக்குமாம். மூன்று வருடமாக ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னதற்காக ஒதுக்கப்பட்டவள், அதே வார்த்தையைச் சரியான நேரத்தில் சொன்னதால் ஒரே நொடியில் ஞானி ஆகிவிட்டாள்.

“கெடைச்சிருச்சு ரோவினா,” என்று ஃபென்விக் கிசுகிசுத்தார். “நானும் கேக்கறேன். அப்படியே இரு. ஒரு வார்த்தையும் வேண்டாம்.”

இனி அவள் செய்ய வேண்டியது ஒன்றுதான். இருபது நிமிடம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். சான்றிதழ் அவளுடையது, அறை அவளுடையது, சந்தை மண்டபமும் முட்டைக்காரிகளும் அவளுடையவர்கள். எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே மனதுக்குள் அவளைக் கெஞ்சினேன். ஒரு நிமிடம் போனது. இரண்டு, மூன்று. அவள் நெற்றி வேர்த்திருந்தது. நான்காவது நிமிடம் அவள் கண்ணைத் திறந்தாள்.

“கென்னத், சாப்பாட்டுல இறைச்சிய ஏன் ஒதுக்கி வச்சீங்க?”

ஃபென்விக் திடுக்கிட்டுப் பார்த்தார். தேர்வு நடக்கும்போது யாரும் பேசி அவர் கேட்டதில்லை. கென்னத்துக்கும் பதில் சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை. கடைசியில் சொன்னார்.

“மென்னுட்டே இருந்தா தாடை வலிக்குதும்மா. நிறுத்துனா போயிடுது. மூணு வாரமா தலையும் வலி. சீப்பு பட்டாலே எரியுது.”

“கண் பார்வை எப்படி இருக்கு?”

“நேத்து காலைல இடது கண்ணுல திரை எறங்குன மாதிரி இருந்துச்சு. அஞ்சு நிமிஷத்துல சரியாயிடுச்சு. வந்ததும் லியோனெல்கிட்ட சொன்னேன். எலும்பு தன்னைத்தானே சரி பண்ணிக்குது, நல்ல அறிகுறின்னு சொன்னாரு.”

ரோவினா கையை எடுத்தாள். எழுந்து போய்த் திரையை ஒதுக்கினாள். இடது பொட்டில் நாடி இல்லை, ரத்தக்குழாய் கயிறு போலக் கெட்டியாக இருக்கிறது, இவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், தாமதித்தால் கண் போய்விடும் என்று சாதாரணக் குரலில் சொன்னாள். வயதானவர்களுக்குத் தலையின் ரத்தக்குழாய் வீங்கி அடைத்துக்கொள்கிற நோய் அது. எங்கள் முதல் படிப்பிலேயே, முதல் வருடத்திலேயே சொல்லிக் கொடுத்ததுதான். நானும் படித்திருக்கிறேன். ஃபென்விக்கும் படித்திருக்கிறார். அதற்கு மேலே படித்த படிப்பில் அதை மூழ்கடித்துவிட்டோம்.

ஃபென்விக் எழுந்திருக்கவில்லை. அவர் கை இன்னும் கென்னத்தின் இடுப்புக்கு அடியிலேயே இருந்தது. அமைதிப் புள்ளியின் நடுவில் கையை எடுப்பது நோயாளிக்கு ஆபத்து, அலை திரும்பி வரும்வரை உட்கார், அப்புறம் பேசலாம் என்று அவளிடம் சொன்னார். அவ்வளவு நல்ல மனிதர், அவ்வளவு உண்மையாக நம்பிச் சொன்னார். பொய்யனாக இருந்திருந்தால்கூட நான் மன்னித்திருப்பேன்.

“அது அலை இல்ல லியோனெல். ரத்தம். நோரிஸ், வண்டிய எடு.”

நான் அமைதியைத் தாங்குவதை விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். கென்னத் காலுறையோடே வந்து ஏறினார். ஹியர்ஃபோர்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம், லியோனெல் கோபித்துக்கொள்வாரோ என்று கேட்டுக்கொண்டே வந்தார். அங்கே ஓர் இளம் டாக்டர், ரோவினா சொன்னதைக் கேட்டுவிட்டு, பொட்டைத் தொட்டுப் பார்த்து, ரத்தம் எடுத்து, முடிவு வருவதற்கு முன்பே ஸ்டீராய்டு மாத்திரையை விழுங்க வைத்தாள். இன்னும் ஓரிரு நாள் விட்டிருந்தால் இடது கண் போயிருக்கும், வலதும் பின்னாலேயே போயிருக்கும் என்றாள். யார் இதைக் கண்டுபிடித்தது என்று கேட்டாள். ரோவினா நாற்காலியில் உட்கார்ந்து தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாளில் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. அலை திரும்புவதற்கு முன் கையை எடுத்ததால் அவள் தேறவில்லை என்று ஒரே வரி. கிரிஸ்பின் சிரித்துக்கொண்டே வருத்தப்பட்டார், மே மாதம் வரை அறையை வைத்துக்கொள்ளச் சொன்னார்.

ஏப்ரலில் விஷயம் தலைகீழாக மாறியது. கென்னத் போகிற இடமெல்லாம் கதையைச் சொல்லியிருக்கிறார். மாளிகையில் தலையைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் என் கண்ணைக் காப்பாற்றினாள் என்று மதுக்கடையில் சொல்ல, அது உள்ளூர்ப் பத்திரிகைக்குப் போக, பள்ளி விழித்துக்கொண்டது. அமைதியில் பழகிய கைகளுக்கு மட்டுமே புலப்படுகிற நோய் என்று அடுத்த வருடச் சேர்க்கைக் கையேட்டுக்கு ஒரு பக்கம் எழுதிவிட்டார்கள். ஃபென்விக்கிடமிருந்து கைப்பட ஒரு கடிதம், கூடவே சட்டம் போட்ட சான்றிதழ். தேர்வுக் குழு மறுபடி யோசித்ததாம். ஒரே ஒரு வேண்டுகோள். அந்த அமைதியில் தன் கைகள் என்ன உணர்ந்தன என்று கையேட்டுக்காக அவள் ஒரு பத்தி எழுதித் தர வேண்டும்.

கிரிஸ்பின் அன்றே சுத்தியலோடு வந்து, சான்றிதழை மாட்டுவதற்காக அவள் அறையில் கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் ஆணி அடித்துவிட்டுப் போனார். சுவரில் எதையாவது தன் கையாலேயே அவர் அடித்து நான் பார்த்தது அன்றுதான்.

ரோவினா சான்றிதழை மேசையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் போய் எதிரில் உட்கார்ந்து, என்னிடம் இருந்த புத்தியையெல்லாம் சொன்னேன். நாலு வரி எழுதினால் போதும், அமைதி, ஆழம் என்று இரண்டு வார்த்தை போட்டால் போதும், யாருக்கும் நஷ்டமில்லை, நீ ஒருவரைக் காப்பாற்றியிருக்கிறாய், இந்த அறைக்கு உனக்குத் தகுதி உண்டு என்றேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கு நாலு நிமிஷம் நான் ஏன் பேசாம இருந்தேன் தெரியுமா?”

யோசித்துக்கொண்டிருந்தாய், உறுதி செய்துகொண்டிருந்தாய் என்றேன்.

“இல்ல. தொட்டதுமே தெரிஞ்சு போச்சு. அவரு கெடைச்சிருச்சுன்னு சொன்னதும், பாஸாயிடுவேன்னு தோணுச்சு. மனுஷன் கண்ணு என் கைக்குக் கீழ போயிட்டிருக்கு, நான் இன்னும் பதினாறு நிமிஷம்னு எண்ணிட்டிருக்கேன். அத எழுதினா கையேட்டுல போடுவாங்களா?”

அந்தப் பதினாறு நிமிடத்தையும் அவளோடு சேர்ந்து எண்ணிக்கொண்டிருந்தவன் நான்.

அவள் எழுதியது மூன்று வரி. இடது பொட்டில் நாடி இல்லை. இதைத் தெரிந்துகொள்ள எந்த மேல்படிப்பும் தேவையில்லை, எந்த நர்சும் கண்டுபிடித்திருப்பாள். நான் அலை எதையும் ஒரு நாளும் உணர்ந்ததில்லை, ஒரு முறை உணர்ந்ததாகச் சொன்னது பொய். கீழே கையெழுத்துப் போட்டு, சான்றிதழையும் கூடவே கட்டி, தானே தபால் நிலையத்துக்கு நடந்து போய் அனுப்பிவிட்டு வந்தாள்.

மே மாதம் அறையைக் காலி செய்தாள். பிராம்யார்டில் ஒரு தீவனக் கடைக்குப் பின்னால் சின்ன அறை பிடித்திருக்கிறாள். ஜன்னலைத் திறந்தால் மூட்டைகள்தான் தெரியும். விவசாயிகள் வளைந்து வருகிறார்கள், நிமிர்ந்து போகிறார்கள்.

அவள் அறையை எனக்குக் கொடுத்தார்கள். பெரிய அறை, ஜன்னல் உள்ள அறை. ஆணி ஏற்கெனவே இருந்தது. வீணாகப் போவானேன் என்று கிரிஸ்பின் சிரித்தார். நான் என் சான்றிதழைக் கொண்டுபோய் அதில் மாட்டினேன்.

போன வாரம் கென்னத் ரோவினாவைத் தேடிக்கொண்டு மாடி ஏறி வந்தார். அவள் இல்லை என்றேன். அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் இருந்த சட்டத்தின் முன்னால் போய் நின்று, வலது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, இடது கண்ணால் அதை ஒவ்வொரு வார்த்தையாக உரக்கப் படித்தார். என் பெயரை, மண்டையின் அலையைக் கையால் அறியும் திறன் பெற்றவர் என்பதை, ஃபென்விக்கின் கையெழுத்தை. படித்து முடித்துக் கையை எடுத்தார்.

“எல்லாம் நல்லாத் தெரியுதுப்பா. அவ அட்ரஸ எழுதிக் குடு.”

எழுதிக் கொடுத்தேன். படி இறங்கும் சத்தம் கேட்டது. வெளியே மூன்று தாய்மார்கள் குழந்தைகளோடு காத்திருந்தார்கள். ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, மூன்று குழந்தைகளின் தலையையும் பிடித்துப் பார்த்து, இடது பக்கம் கொஞ்சம் தயங்குகிறது என்று சொன்னேன்.